கடைப் பெயருக்கு ட்ரேட்மார்க் நோட்டீஸ் வந்தால்: முதல் நாள் முதல் பெயர்ப்பலகை வரை

இருபது, முப்பது வருடமாக ஒரே பெயரில் நடக்கும் கடைக்கு ஒரு நாள் பதிவுத் தபாலில் ஐந்து பக்கக் கடிதம் வருகிறது. ‘உங்கள் பெயர்ப்பலகை எங்கள் கட்சிக்காரரின் பதிவு பெற்ற வணிகச்சின்னத்தை (ட்ரேட்மார்க்கை) மீறுகிறது. 7 நாளுக்குள் பலகையை இறக்கவும். தவறினால் வழக்கு, நஷ்டஈடு.’ சாயங்காலத்துக்குள் அந்தக் கடிதத்தின் படம் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிடும். மறுநாள் எதிர்த்தரப்பின் பக்கத்தில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவியும். கடைக்காரருக்கு அது ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் பல வழக்குகள் கெட்டுப்போவது அந்த முதல் இரண்டு நாளில்தான்.

ஊர்க் கோபத்துக்கு மதிப்பு உண்டு. அது எந்தக் கதவைத் திறக்கும், எதைத் திறக்காது என்பது தெரிய வேண்டும். ஊர் பேசுவது நீதிபதி காதில் விழாது. எதிர்த்தரப்பின் விளம்பரப் பிரிவு காதில் விழும். நீதிபதி கேட்பது வேறு: இந்தப் பெயரில் முதலில் வியாபாரம் செய்தது யார், தேதியோடு காட்டு. அதனால் ஊர்மக்கள் உங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி ஷேர் இல்லை, அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய காலண்டர்.

கீழே சொல்வதெல்லாம் இந்தியாவின் 1999 வணிகச்சின்னச் சட்டத்தை வைத்து.

முதல் 48 மணி நேரம்

கையில் இருப்பது என்ன காகிதம் என்று முதலில் பாருங்கள். மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் வேகம் வேறு.

வக்கீல் நோட்டீஸ் என்றால், அதில் போட்டிருக்கும் 7 நாள், 15 நாள் எல்லாம் அனுப்பியவர் வைத்த கெடு. சட்டம் வைத்ததல்ல. அதற்காகக் கிடப்பில் போடவும் கூடாது. பதில் வராததையே பின்னால் நீதிமன்றத்தில் ‘மௌனமாக ஒப்புக்கொண்டார்’ என்று வாதிடுவார்கள்.

வணிகச்சின்னப் பதிவகத்திலிருந்து வந்த எதிர்மனு என்றால், அது நீங்கள் போட்ட விண்ணப்பத்தின் மேல் வந்தது. எதிர்மனு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள் பதில் மனு தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இந்தக் கெடு சட்டம் வைத்தது.

நீதிமன்றச் சம்மன் என்றால் அன்றைக்கே வக்கீல். வணிக நீதிமன்ற வழக்கில் எழுத்துமூலப் பதிலுரைக்கு 30 நாள். காரணம் காட்டி நீட்டினாலும் மொத்தம் 120 நாள்தான். 121-ஆம் நாள் உங்கள் தரப்பைப் பதிவு செய்யும் உரிமையே போய்விடும்.

நான்காவதாக ஒன்றும் வரலாம்: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து சமரச அழைப்பு. அவசரத் தடை கேட்காத வணிக வழக்குகளுக்கு முன்கூட்டிய சமரசம் கட்டாயம். போகாவிட்டால் ‘எதிர்த்தரப்பு வரவில்லை’ என்று முடித்து அவர்கள் வழக்குக்குப் போய்விடுவார்கள். போய் உட்காருவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இந்த இரண்டு நாளில் செய்யக் கூடாதவை மூன்று. நோட்டீஸில் உள்ள எண்ணுக்கு போன் போட்டு, ‘சார், தெரியாம வச்சுட்டோம், மாத்திடுறோம்’ என்று சொல்வது முதலாவது. அது வாட்ஸ்அப் செய்தியாக இருந்தால் வழக்கின் முதல் ஆவணமே அதுதான். பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகப் பலகையை இறக்குவது இரண்டாவது. தொடர்ச்சியான பயன்பாடுதான் உங்கள் பலம், அதை நீங்களே அறுத்துவிடுகிறீர்கள். நோட்டீஸை முகநூலில் ஏற்றுவது மூன்றாவது. அதற்கும் நேரம் வரும், இப்போது இல்லை.

கவரை எறியாதீர்கள். தபால் முத்திரைத் தேதி தெரியும்படி கவரோடு சேர்த்து ஸ்கேன் செய்து வையுங்கள்.

எதிராளியின் கோப்பைத் திறந்து படியுங்கள்

இந்த வேலையைப் பெரும்பாலான கடைக்காரர்கள் செய்வதே இல்லை. பல நோட்டீஸ்களின் காற்று இங்கேதான் இறங்கும். பதிவகத்தின் ஐபி இந்தியா தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் முழுக் கோப்பும் இலவசமாகப் பார்க்கலாம். நோட்டீஸில் எண் இல்லையென்றால் பெயரை வைத்துத் தேடுங்கள். எழுத்துத் தேடலோடு ஒலித் தேடலும் செய்ய வேண்டும்; தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள்.

பார்க்க வேண்டியவை:

நிலை. ‘பதிவானது’ என்று இருக்கிறதா, ‘ஆட்சேபம்’, ‘எதிர்க்கப்பட்டது’ என்று இருக்கிறதா? விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டு ‘எங்கள் பதிவு பெற்ற சின்னம்’ என்று எழுதும் நோட்டீஸ்கள் ஏராளம். பதிவாகாத சின்னத்தை வைத்து மீறல் வழக்கே போட முடியாது. ‘எங்கள் சரக்கு என்று வாடிக்கையாளரை நம்பவைக்கிறார்கள்’ என்கிற பாஸிங் ஆஃப் வழக்கு மட்டும்தான். அதற்கு அவர்கள் நற்பெயர், ஏமாற்று, சேதம் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்.

வகுப்பு. மொத்தம் 45 வகுப்புகள். இனிப்பு, காபித்தூள், மசாலா 30-இல் வரும்; ஊறுகாய், பால் பொருட்கள் 29; ஆயத்த ஆடை 25; உணவகச் சேவை 43; சில்லறை விற்பனைச் சேவை 35. அவர்கள் பதிவு 25-இல் மட்டும் இருந்து நீங்கள் ஓட்டல் நடத்தினால் வழக்கு பலவீனமாகிறது. ஆனால் நாடறிந்த பிராண்டு என்றால் 29(4) பிரிவின் கீழ் வேறு வகுப்புக்கும் கை நீளும்.

படமா, வார்த்தையா. லோகோவாகப் பதிவான சின்னத்தில் உரிமை முழுமைக்கும்தான். அதில் ஒரு துண்டை மட்டும் உருவி ‘இந்த வார்த்தை எனக்கே’ என்று சொல்ல 17-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. பவன், விலாஸ், ஸ்வீட்ஸ், சில்க்ஸ் மாதிரி தொழிலுக்கே பொதுவான சொற்களுக்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது. பதிவில் நிபந்தனை ஏதும் போட்டிருக்கிறார்களா என்பதும் அதே பக்கத்தில் தெரியும்.

தேதிகள் இரண்டு: விண்ணப்பித்த தேதி, ‘எப்போதிலிருந்து பயன்படுத்துகிறோம்’ என்று அவர்களே சொன்ன தேதி. இரண்டையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, ஆட்சேப அறிக்கைக்கு அவர்கள் கொடுத்த பதில். விண்ணப்பிக்கும்போது பதிவகம், ‘இதே மாதிரி ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே’ என்று கேட்டிருக்கும். அதற்கு அவர்கள் வக்கீல், ‘எங்கள் சின்னத்தை முழுமையாகப் பார்க்க வேண்டும். இந்தச் சொல் எல்லோரும் பயன்படுத்துவது. முன்னால் உள்ள அடைமொழிதான் எங்களை வேறுபடுத்துகிறது’ என்று எழுதியிருப்பார். அதே நிறுவனம் இப்போது உங்களுக்கு, ‘அந்தச் சொல் எங்களுக்கு மட்டுமே சொந்தம்’ என்று நோட்டீஸ் விடுகிறது. பதிவகத்தில் ஒரு பேச்சு, நீதிமன்றத்தில் ஒரு பேச்சு பேசுகிறவருக்கு இடைக்காலத் தடை கிடைப்பது கடினம். அந்தக் கடிதத்தைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

யார் முன்னால்: தேதிக் கணக்கு

‘பதிவு செய்தவனுக்குத்தான் பெயர் சொந்தம்’ என்று பரவலாக நம்புகிறார்கள். பாதிதான் சரி. முன்பயன்பாட்டாளரைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் அதன் கணக்கை ஒழுங்காகப் படிக்க வேண்டும்: அவர்கள் பயன்படுத்தத் தொடங்கிய நாள், அவர்கள் பதிவு நாள், இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்னாலிருந்து நீங்கள் தொடர்ச்சியாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பதிவு நாள் என்பது சான்றிதழ் வந்த நாள் அல்ல, விண்ணப்பித்த நாள்.

உதாரணமாக, அவர்கள் 2012-இல் விண்ணப்பித்திருக்கிறார்கள், பயன்பாடு 1998 முதல். உங்கள் கடை 1991 என்றால் 34 உங்கள் பக்கம். 2003 என்றால், அவர்கள் பதிவுக்கு ஒன்பது வருடம் முன்னால் இருந்தும் 34 உதவாது. அப்போது வேறு வாதங்களைத் தேட வேண்டும்: அவர்கள் தெரிந்தே பல வருடம் சும்மா இருந்தது, பெயர் பொதுச்சொல் என்பது, அவர்கள் சின்னத்தை 5 வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டிருந்தால் 47-ஆம் பிரிவில் நீக்கக் கோருவது.

முன்பயன்பாட்டின் எடைக்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா பெயர் வழக்கில், எதிர்த்தரப்பும் தன்னிடம் பதிவு இருப்பதைக் காட்டியது. பதிவைவிட முன்பயன்பாட்டாளரின் உரிமையே மேல் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உலக நிறுவனங்களுக்கும் விதிவிலக்கு இல்லை. ப்ரியஸ் என்ற பெயருக்காக டொயோட்டா ஓர் இந்திய உதிரிபாக நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், ‘உலகத்தில் பெயர் பெற்றிருந்தால் போதாது, இவர்கள் தொடங்கிய 2001-இல் இந்தியச் சந்தையில் உங்களுக்குப் பெயர் இருந்ததா?’ என்பதே கேள்வியானது. 2017-இல் டொயோட்டா தோற்றது. புனேயில் 1992 முதல் நடக்கும் பர்கர் கிங் கடை மேல் அமெரிக்க நிறுவனம் 2011-இல் போட்ட வழக்கை 2024-இல் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதோடு முடியவில்லை, மேல்முறையீட்டில் இடைக்காலத் தடை விழுவதும் அது நிறுத்தப்படுவதுமாகப் போனது. பத்து வருடம் தாண்டும் ஓட்டத்துக்கு உங்கள் கையிருப்பு தாங்குமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

சொந்தப் பெயரில் கடை வைத்திருப்பவர்களுக்கு 35-ஆம் பிரிவு உண்டு: நல்லெண்ணத்தோடு தன் பெயரையோ, அந்தத் தொழிலில் தனக்கு முன்னிருந்தவர் பெயரையோ வைத்தவரைத் தடுக்க முடியாது. ‘நல்லெண்ணத்தோடு’ என்பதில்தான் முடிச்சு. உங்கள் பெயர் உண்மையிலேயே அதுதான் என்றாலும், எழுத்து வடிவமும் நிறமும் அவர்களுடையதைப் பார்த்து வரைந்தது என்றால் இந்தப் பாதுகாப்பு கரைந்துவிடும்.

ஜிஎஸ்டி சான்றிதழில் கடைப் பெயர் இருப்பதோ, உணவு உரிமத்தில் இருப்பதோ, கம்பெனியாகப் பதிந்திருப்பதோ ட்ரேட்மார்க் உரிமை ஆகாது. பயன்பாட்டுக்கு அவை சாட்சி, அவ்வளவுதான்.

சாட்சியக் கோப்பு: ஊரின் கோபத்தைத் திருப்ப வேண்டிய இடம்

ஒரு நல்ல ஆவணத்தில் மூன்று விஷயம் ஒரே தாளில் இருக்க வேண்டும்: பெயர், தேதி, வியாபாரம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எடை குறையும். மின்கட்டண ரசீது பெரும்பாலும் உரிமையாளர் பெயரில் இருக்கும். கடைப் பெயரை நிரூபிக்காது. கடைத் திறப்பு விழா அழைப்பிதழில் மூன்றும் இருக்கும். வருடாவருடம் வாடிக்கையாளருக்குக் கொடுத்த தினசரி காலண்டர் அதைவிடப் பலம், ஏனென்றால் ஆண்டு அச்சிலேயே இருக்கிறது. ஐந்து காலண்டர் வரிசையாகக் கிடைத்தால் தொடர்ச்சியும் சேர்ந்து கிடைத்தது.

தேட வேண்டிய இடங்கள்: கோயில் கொடை மலர், பள்ளி ஆண்டு மலர் விளம்பரங்கள். உள்ளூர்ப் பதிப்பு நாளிதழ் விளம்பரங்கள். அச்சகத்தின் பழைய பில்கள், அட்டைப்பெட்டி, பை அச்சடித்ததற்கான ரசீது. வாடகை ஒப்பந்தம். உரிமங்களின் எல்லா வருடப் புதுப்பிப்பும், கடைசி வருடத்தது மட்டுமல்ல. விற்பனை வரிக் காலத்துக் கணக்குகள்.

ஊர்மக்களிடம் கேட்க வேண்டியது இதைத்தான். ‘எங்களை ஆதரியுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் இதயக்குறிதான் வரும். இப்படிக் கேளுங்கள்: ‘2005-க்கு முந்தைய எங்கள் காலண்டர், பை, ரசீது, அல்லது பின்னணியில் எங்கள் பலகை தெரியும் கல்யாண, ஊர்வலப் படம் உங்களிடம் இருந்தால் தொடர்புகொள்ளுங்கள். அசலைப் பார்த்துப் பிரதி எடுத்துத் திருப்பித் தருகிறோம்.’ கொடுப்பவரின் பெயர், எப்போது யார் எடுத்த படம் என்பதை அங்கேயே எழுதி வாங்குங்கள். தேவைப்பட்டால் அவரே பிரமாணப் பத்திரம் தர வேண்டியிருக்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறுகள் மூன்று. வெப்பத்தாள் பில் இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்துப்போகும். கிடைத்த அன்றே நகல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி விவரம் அழிந்திருக்கும். அசல் கோப்பை மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். டிஜிட்டல் ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்ட பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண் என்ன என்பதெல்லாம் அதில் எழுதப்படும். அதனால் பதிவிறக்கிய கணினியை மாற்றாதீர்கள், தேதியைக் குறித்துவையுங்கள்.

கடை அப்பாவிடமிருந்து வந்தது என்றால் சங்கிலியையும் காட்டியாக வேண்டும். முன்னவரின் பயன்பாட்டை உங்கள் கணக்கில் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் பெயர் எப்படி உங்களுக்கு வந்தது என்பதற்குக் காகிதம் கேட்கும்: பாகப்பிரிவினைப் பத்திரம், கூட்டாண்மைக் கலைப்பு ஒப்பந்தம், உயில். அண்ணன் தம்பி பிரிந்து இரண்டு தெருவில் ஒரே பெயரில் கடை நடத்தும் இடங்களில் இந்தத் தாள் இல்லாததால்தான் வழக்கு இழுக்கிறது. கட்டடத்தைப் பிரித்திருப்பார்கள், பாத்திரத்தைக்கூடப் பட்டியல் போட்டிருப்பார்கள், பெயரைப் பற்றி ஒரு வரி இருக்காது.

பதில் நோட்டீஸ்

நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் முழுப் பதில் தயாராகவில்லை என்றால், ‘ஆவணங்களைத் திரட்டுகிறோம், எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்காமல் 3 வாரம் கேட்கிறோம்’ என்று இரண்டு வரி வக்கீல் வழியாக அனுப்புங்கள்.

முழுப் பதிலில் இருக்க வேண்டியது: உங்கள் முதல் பயன்பாட்டுத் தேதியும் அதற்கு இரண்டு மூன்று வலுவான ஆவணங்களின் பிரதியும். எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். அவர்கள் பதிவின் வரம்பு, பதிவகத்தில் அவர்களே எழுதியது, இத்தனை வருடம் தெரிந்தே இருந்தார்கள் என்றால் அதற்கான அடையாளம். முடிவில் நோட்டீஸைத் திரும்பப் பெறும்படி கோரிக்கை. அவர்கள் பதிவே இல்லாமலோ, மீறலே நடக்காமலோ மிரட்டுகிறார்கள் என்றால் 142-ஆம் பிரிவின் கீழ் ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக நீங்களே வழக்குப் போடலாம். அவர்களிடம் பதிவு இருந்து, உடனே மீறல் வழக்கும் தொடுத்துவிட்டால் அந்த வழி அடைபடும். அதனால் அதை மிரட்டலாக எழுதுவதைவிட, ஒரு வரியில் உரிமையைக் குறிப்பிட்டு விடுவது போதும்.

பதிலோடு சேர்த்து கேவியட். உங்களைக் கேட்காமல் ஒருதலைப்பட்சமாகத் தடை கொடுக்காதீர்கள் என்று நீதிமன்றத்தில் முன்கூட்டிப் போடும் மனு அது. 90 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். எங்கே போடுவது என்பதில்தான் சறுக்குவார்கள். 134-ஆம் பிரிவுப்படி அவர்கள் தங்கள் அலுவலகம் இருக்கும் ஊரிலும் வழக்குப் போட முடியும். உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் மட்டும் கேவியட் போட்டுவிட்டுத் தூங்கினால், தடை உத்தரவு டெல்லியிலிருந்து வரும். கூடவே நீதிமன்றம் நியமித்த வக்கீலான அட்வகேட் கமிஷனர் வந்து பெட்டி, பைகளை எண்ணி சீல் வைப்பார். அப்படி வந்தால் மறிக்காதீர்கள். எண்ணிக்கையைச் சரிபார்த்து, உங்கள் ஆட்சேபத்தை அவர் அறிக்கையிலேயே எழுதச் சொல்லி, கையெழுத்திட்ட பிரதி வாங்கிக்கொண்டு, தடையை நீக்கக் கோரும் மனுவை அந்த வாரமே போடுங்கள்.

போலீஸோடு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாரண்ட் இல்லாமல் சோதனையிட 115(4) பிரிவின்படி டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அதற்கு முன் பதிவாளரின் கருத்தைப் பெற்றிருக்கவும் வேண்டும். அந்தக் கருத்துக் கடிதத்தைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள்.

இதற்கிடையில் உங்கள் விண்ணப்பம்

இதுவரை பதிவு செய்யவில்லை என்றால் இப்போதே செய்யுங்கள். டிஎம்-ஏ படிவம்; தனிநபர், சிறுதொழில் என்றால் இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு 10 வருடம் செல்லும்.

முப்பது வருடக் கடைக்கு ‘இனிமேல் பயன்படுத்தப்போகிறோம்’ என்று டிக் அடித்து அனுப்பிவிடும் முகவர்கள் இருக்கிறார்கள். பயன்பாட்டுப் பிரமாணப் பத்திரம் தயாரிக்கும் வேலை மிச்சம் என்பதுதான் காரணம். அந்த ஒரு டிக் பின்னால் உங்கள் வாயாலேயே ‘அன்றுவரை பயன்படுத்தவில்லை’ என்று சொன்னதாக நிற்கும். திருத்துவது எளிதல்ல. சமர்ப்பிக்கும் முன் அந்தக் கட்டத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். பதிவாகும் முன் ஆர் வட்டக்குறியைப் பலகையில் போடுவது சட்டப்படி தவறு. டிஎம் என்று மட்டும் போடலாம்.

பொதுவெளிக்குப் போவது

பதில் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு, வழக்கு வரும் முன் ஓர் இடைவெளி இருக்கும். பேசுவதென்றால் அப்போது.

பொதுக்கோபம் வேலை செய்த இடங்கள் உண்டு. 2015 ஜனவரியில் அமெரிக்காவில் லகுனிடாஸ் என்ற மதுபான நிறுவனம், லேபிளில் இருந்த எழுத்து வடிவத்துக்காக இன்னொரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. ட்விட்டரில் தன் வாடிக்கையாளர்களே திட்டியதைப் பார்த்து ஓரிரு நாளில் வாபஸ் வாங்கியது. ட்ரேட்மார்க் இல்லையென்றாலும் நம் நாட்டு உதாரணம்: உருளைக்கிழங்கு ரக உரிமைக்காக குஜராத் விவசாயிகள் மேல் போட்ட வழக்குகளை 2019-இல் பெப்சிகோ, நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெற்றது. இரண்டிலும் பணிந்தது நீதிமன்றம் அல்ல, வழக்குப் போட்டவரின் வியாபாரக் கணக்கு. அதனால் முதலில் யோசியுங்கள்: எதிராளிக்கு உங்கள் ஊரில் வாடிக்கையாளர் இருக்கிறாரா? முகம் தெரியாத மொத்த வியாபாரி என்றால் ஊரே கத்தினாலும் அவருக்கு உறைக்காது.

எழுதும் அறிக்கை சுருக்கமாக இருக்கட்டும். இந்த அளவு போதும்:

‘எங்கள் கடை 1991 முதல் இதே பெயரில் இதே தெருவில் நடக்கிறது. பெயரை மாற்றும்படி இந்த மாதம் 4-ஆம் தேதி எங்களுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அனுப்பியவர்களின் விண்ணப்பம் 2012-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆவணங்களோடு பதில் அனுப்பியிருக்கிறோம். பேசித் தீர்க்கத் தயாராக இருக்கிறோம். தயவுசெய்து அவர்கள் கடைகளுக்கோ ஊழியர்களுக்கோ யாரும் தொந்தரவு தர வேண்டாம்.’

எல்லாமே ஆவணத்தில் உள்ள தேதி. ‘திருடர்கள்’, ‘கார்ப்பரேட் கொள்ளை’ எதுவும் இல்லை. அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் இன்னும் குற்றம். உண்மை என்பது பொதுநலனுக்காகச் சொன்னால்தான் அங்கே கவசம். கடைசி வரி மரியாதைக்காக மட்டும் எழுதுவதல்ல. நாளை யாரோ கல்லெறிந்தால், நீங்கள் தூண்டவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

நோட்டீஸை வெளியிடுவதென்றால் முகவரி, போன் எண், வக்கீல் பெயர் எல்லாவற்றையும் மறையுங்கள். சமரசப் பேச்சுக்கான கடிதங்களை எப்போதும் வெளியிடாதீர்கள். போலி விமர்சனங்களை ஊக்குவிக்காதீர்கள். தளங்கள் அவற்றை மொத்தமாக நீக்கிவிடும், எதிராளி திரைப்பிடிப்பு எடுத்து உங்கள் கெட்ட எண்ணத்துக்கு ஆதாரமாக வைப்பார். அவர்கள் லோகோவைக் கேலி செய்து படம் போடுவதிலும் நிதானம் வேண்டும். டாடாவின் துறைமுகத் திட்டம் ஆமைகளைப் பாதிக்கும் என்று சொல்ல, சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் உருவாக்கிய கணினி விளையாட்டில் டாடா சின்னத்தைப் பயன்படுத்தியதற்கு 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. விமர்சனத்துக்கு இடம் உண்டு என்பது அதன் பொருள். ஆனால் கிரீன்பீஸ் அங்கே போட்டிக் கடை நடத்தவில்லை, நீங்கள் நடத்துகிறீர்கள். அவர்கள் பெயரைச் சாதாரண எழுத்தில் எழுதுங்கள், போதும்.

வழக்கு எண் விழுந்த பிறகு வழக்கைப் பற்றி எழுதுவதை நிறுத்துங்கள். தடை உத்தரவு வந்துவிட்டால், அநியாயம் என்று தோன்றினாலும், அன்றே கீழ்ப்படியுங்கள். மீறினால் சொத்து முடக்கமும் 3 மாதம் வரை சிவில் சிறையும் உண்டு. பலகையை மூடிவிட்டு, இன்ஸ்டாகிராமிலும் டெலிவரி செயலியிலும் பழைய பெயரை மறந்துவிட்டு மாட்டுகிறவர்கள் அதிகம்.

பறிபோவது கடைப் பெயரல்ல, ஊர்ப் பெயர் என்றால்

எல்லோரும் பயன்படுத்தும் ஊர்ப் பெயரையோ பண்டத்தின் பெயரையோ ஒருவர் தனக்கென்று பதிய விண்ணப்பித்தால், கையெழுத்து இயக்கத்தை விட வலுவான வழி இருக்கிறது. வணிகச்சின்ன இதழில் வெளியானதிலிருந்து 4 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்மனு போடலாம். வியாபாரியாக இருக்க வேண்டியதில்லை. டிஎம்-ஓ படிவம், இணையவழியில் வகுப்புக்கு 2,700 ரூபாய். ஆயிரம் கையெழுத்தைப் பதிவகம் எடைபோடாது. பத்துக் கடைக்காரர்களின் பிரமாணப் பத்திரத்தை எடைபோடும். 4 மாதத்தைத் தவறவிட்டால் 57-ஆம் பிரிவில் நீக்கக் கோரலாம், ஆனால் அப்போது ‘பாதிக்கப்பட்டவர்’ என்று காட்ட வேண்டும். மனு வியாபாரி ஒருவர் பெயரில் போகட்டும்.

நிரந்தர வழி புவிசார் குறியீடு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனி பஞ்சாமிர்தமும் 2019-இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-இலும் அதைப் பெற்றன. பெயர் அந்தப் பகுதி உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

நோட்டீஸ் அனுப்பும் இடத்தில் நீங்கள் இருந்தால்

பெயரைக் காக்காமல் விடுவதும் ஆபத்துதான். ஐந்து வருடம் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்துவிட்டால், எதிராளி பின்னால் பதிவு பெற்ற சின்னத்தை எதிர்க்கும் உரிமை 33-ஆம் பிரிவில் அடைபடுகிறது. ஆனால் முதல் கடிதமே நஷ்டஈடு கேட்க வேண்டுமென்பதில்லை. அனுப்பும் முன் அந்தக் கடை எந்த வருடம் தொடங்கியது என்று நேரில் விசாரியுங்கள். உங்களைவிட மூத்தது என்றால் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். 2018-இல் சிகாகோவைச் சேர்ந்த அலோஹா போக்கே நிறுவனம், ஹவாய்க்காரர்கள் நடத்தும் கடைகளுக்கே அவர்கள் மொழியின் வாழ்த்துச் சொல்லான ‘அலோஹா’வைப் பெயராக வைக்கக் கூடாது என நோட்டீஸ் விட்டுப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. யாருடைய சொல் அது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மாறாக ஜாக் டேனியல்ஸ் 2012-இல், தன் லேபிளைப் போலிருந்த ஒரு நாவலின் அட்டையை அடுத்த பதிப்பில் மாற்றும்படி தன்மையாக எழுதியது. உடனே மாற்ற முன்வந்தால் செலவில் ஒரு பங்கு தருவதாகவும் சொன்னது. கேட்டது கிடைத்தது, கடிதத்துக்குப் பாராட்டும் கிடைத்தது.

சமரசமும் பெயர் மாற்றமும்

இரு தரப்பும் களைத்துப்போகும் முன் சமரசம் பேசுவது நல்லது. எல்லைப் பிரிப்பு பழைய வழி: அம்ரித்தாரா, லக்ஷ்மண்தாரா என்ற மருந்துப் பெயர்கள் குழப்பம் தருபவைதான் என்று சொன்ன உச்ச நீதிமன்றமே, 1962-இல், பின்னதை உத்தரப் பிரதேசத்துக்கு மட்டும் பதிய விட்டது. உங்களுக்கும் ‘இந்த மாவட்டத்துக்குள் மட்டும்’, ‘ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்து’, ‘புதுக் கிளை கிடையாது’ என்று ஏதாவது பொருந்தலாம். கடைசி நிபந்தனையைக் கையெழுத்திடும் முன் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை: கையிருப்புப் பெட்டி, பைகள் தீரும் வரை 4 முதல் 6 மாதம், தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரி, பழைய வருடங்களுக்கு நஷ்டஈடு கோரமாட்டார்கள் என்ற வரி, இரு தரப்பும் பொதுவெளியில் பேசக்கூடிய வாசகம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் வெறும் ஒப்பந்தமாக விடாமல் சமரசத் தீர்ப்பாக நீதிமன்றத்தில் பதியுங்கள்.

புதுப் பெயரை வைக்கும் முன் அதே ஒலித் தேடலை அதே வகுப்புகளில் செய்து, விண்ணப்பம் போட்டுவிட்டுப் பலகைக்கு ஆர்டர் கொடுங்கள். மாற்ற வேண்டிய வரிசை: ஜிஎஸ்டி வணிகப் பெயர், உணவு உரிமம், வங்கிக் கணக்கும் க்யூஆர் அட்டையும், லேபிள் அச்சு, வரைபடப் பக்கம், டெலிவரி செயலிகள், கடைசியாகப் பலகை. வரைபடப் பக்கத்தில் புதுக்கணக்கு தொடங்காமல் பழையதிலேயே பெயரைத் திருத்துங்கள், வருடக்கணக்கில் சேர்ந்த விமர்சனங்கள் அப்போதுதான் கூடவே வரும். பலகையின் அடியில் ‘முன்பு இன்ன பெயரில்’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போட ஒரு வருடமாவது அனுமதி கேளுங்கள். அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லையென்றால், அந்த ஒரு வரிக்காகவே அடுத்த நோட்டீஸ் வரும்.